புருவத்தின் ஓரம்

கோடை மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு நாளில் அண்ணி பார்லர் ஃபேன் சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டினாள். ஒன்றல்ல, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு. ஒட்டிவிட்டு, எவளாவது கை வைத்துப் பாருங்கள் என்பதுபோல எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு ஸ்வெட்டர் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டாள்.

ஸ்வெட்டர்! தெருவில் நாய்கள் தண்ணீர்த் தொட்டிக்கடியில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தன. எதிர்க்கடைத் தையல்காரர் பனியனோடு உட்கார்ந்து மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். பார்லருக்குள்ளே தலைக்குச் சாயம் போட்டு உட்கார்ந்திருந்த பெண்களுக்குச் சாயமும் வியர்வையும் கலந்து காதோரம் கறுப்பாக வழிந்தது. நூலு ஓடி ஓடித் துடைத்தாள்.

நூலு என்பது வாடிக்கைக்காரிகள் வைத்த பெயர். புருவத்துக்கு நூல் போடுவதில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அண்ணிக்கு நாத்தனார். புருஷன் சரியில்லை என்று ஒற்றைப் பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவள். அன்றைக்கு அண்ணி கேட்டது ஒரே கேள்விதான்: "சாப்டியாடி?" ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அதற்காக நூலு அண்ணியிடம் பூனையாக இருந்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஆரம்பிக்கிற சண்டை சாயங்காலம் கூட்டிப் பெருக்கும்போதுதான் முடியும். அந்தச் சண்டையைக் கேட்பதற்காகவே முடி வெட்ட வந்தவர்களும் உண்டு.

"ஏங்க மேடம், எங்களை அவிச்சு எடுக்கப் போறீங்களா? எங்க கடை அடுப்பே தேவலை போலிருக்கே" என்றாள் பேக்கரிக்காரம்மா.

வேறு நாளாக இருந்தால் அந்த வாக்கியம் முடிவதற்குள் அண்ணி திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்றைக்கு அவள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பேக்கரிக்காரம்மா பேச்சை மாற்றி, மருமகள் கதையை ஆரம்பித்து, அதில் பாதி தூரமும் போய்விட்டாள். அப்போதுதான் அண்ணி வாயைத் திறந்தாள். "அடுப்புல... ரொட்டியாவது... உப்பும்" என்றாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். எதற்குப் பதில் என்று யாருக்கும் புரியவில்லை. நூலு மட்டும் சிரித்துவைத்தாள். சிரித்தாளே தவிர, அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"எனக்கு இதுதாங்க சரியா இருக்கு" என்று மூலையிலிருந்து குரல் வந்தது. டீச்சர். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மஞ்சள் வீட்டில் தனியாக இருக்கிறவள். துப்பட்டாவைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஃபேனை மட்டும் போட்டுடாதீங்க. எனக்கு உடம்பு நடுங்கிப் போயிடுது."

"கேட்டுக்கங்க" என்றாள் அண்ணி, ஜெயித்துவிட்ட முகத்தோடு.

டீச்சருக்கு நூல் போடுவது சுலபம். புருவம் பாதி தூரம்தான் இருக்கும். இரண்டு இழுப்பில் வேலை முடிந்துவிடும். போகும்போது வழக்கம்போல அலமாரியிலிருந்து முடி மாத்திரை ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போனாள்.

முடி மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷாம்பு கம்பெனிக்காரன் கொண்டுவந்து கொடுப்பது. ரோஜா நிறத்தில் அழகாக இருக்கும். டப்பாவின் மேல் ஒரு பெண் இடுப்புவரை கூந்தலைப் பறக்கவிட்டு நிற்பாள். தினமும் ஒன்று என்று போட்டிருக்கும். அண்ணிக்கு முடி கொட்ட ஆரம்பித்ததிலிருந்து அவள் காலையில் இரண்டு, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். சில நாள் போட்டோமா இல்லையா என்று மறந்துபோய் இன்னொரு தடவையும் போடுவாள்.

"கொஞ்சமா சாப்பிடுங்க அண்ணி, மிட்டாயா அது?"

"நீ சும்மா இருடி. விக்கிறவ தலையே வழுக்கையா இருந்தா எவ வாங்குவா?"

அது நியாயமான பேச்சுதான். பார்லர் நடத்துகிறவளின் முகம்தான் கடையின் போர்டு. அந்த போர்டில் எது உதிர்ந்தாலும் இரண்டு பேரும் சேர்ந்து பூசி மறைத்தார்கள். முடி கொட்டிய இடத்தில் கறுப்புப் பொடியைத் தூவினார்கள். தோல் சொரசொரவென்று வறண்டது. எண்ணெயும் கிரீமும் போட்டுத் தேய்த்தார்கள். முகம் ஒரு மாதிரி வெளுத்து மஞ்சள் பூத்தது. அதற்கு மேல் ஃபவுண்டேஷன். காலையில் கண்ணிமைகள் இரண்டும் உப்பிக்கொண்டு திறக்கமாட்டேன் என்றன. துணியில் ஐஸ் கட்டி ஒற்றினார்கள். இந்த வேலையெல்லாம் நூலுதான் செய்தாள். கல்யாணப் பெண்களிலிருந்து, ஒரே ஒரு தடவை ஒரு மகள் அழுது கேட்டுக்கொண்டாள் என்பதற்காக அவளுடைய செத்துப்போன அம்மாவரைக்கும் முகம் செய்த கை அது. அண்ணியின் முகம் அதற்கு எம்மாத்திரம்?

புருவம்தான் முதலில் அவளிடம் மாட்டியது. மாதாமாதம் நூல் போடும்போது அண்ணியின் புருவ ஓரத்தில் பிடுங்குவதற்கு எதுவுமே இல்லை. நூல் வெறும் தோலில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"அண்ணி, உங்க புருவ ஓரம் எனக்கு வேலையே வைக்கலையே! என்கிட்ட சொல்லாம வேற எவகிட்டயாவது போறீங்களா?"

"வயசானா... கொட்டத்தானே செய்யும்" என்றாள் அண்ணி.

நூலு பென்சிலை எடுத்து, இல்லாத ஓரத்தை இழுத்து வரைந்துவிட்டாள். அச்சு அசலாக இருந்தது. தன் கைத்திறமையை நினைத்து அவளுக்கே கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அண்ணன் லாரி ஓட்டுகிறவர். போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். வழியில் எங்காவது நிறுத்திச் சாப்பிடும்போது போன் செய்வார். ஒருநாள் மத்தியானம் பார்லர் போனை அண்ணி எடுத்து "யாரு?" என்றாள். எதிர்ப்பக்கம் போனை வைத்துவிட்டார்கள். பிறகு அண்ணன் நூலுவின் கைபேசிக்குக் கூப்பிட்டார்.

"ஏய், கடையில யாருடி ஆம்பளை?"

"ஆம்பளையா? இங்க ஏது?"

"இப்ப போனை எடுத்தானே ஒருத்தன். கட்டைக் குரல்ல யாருன்னு அதட்டுறான்!"

நூலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணே, அது உன் பொண்டாட்டி!"

அண்ணியும் சிரித்தாள். சாயங்காலம்வரை வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். ராத்திரி பாத்திரம் துலக்கும்போது நூலுவுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. பத்து வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவனுக்குப் பெண்டாட்டி குரல் தெரியாமல் போகுமா என்று ஒரு நினைப்பு வந்தது.

"அண்ணி, நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்."

"எதுக்கு?"

"எதுக்கா? குளிருதுங்கறீங்க. தூங்கித் தூங்கி விழறீங்க. நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்கே போறீங்க. அரை வயித்துக்குச் சாப்பிட்டும் உடம்பு ஊதிக்கிட்டே போகுது. இன்னும் என்னங்க வேணும்?"

அண்ணி யோசித்தாள். பாத்திரம் முழுவதும் துலக்கி முடியும்வரை யோசித்தாள். "சரி" என்றாள்.

மறுநாள் டாக்டரிடம் போவதற்கு முன்னால் அவர்கள் செய்த காரியத்தை அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள்தான் செய்வார்கள். கிளினிக்கில் வருகிற பாதிப் பேர் பார்லர் வாடிக்கைக்காரிகள். அங்கே போய் பேயறைந்த மாதிரி உட்கார முடியுமா? நூலு அண்ணியை நாற்காலியில் உட்காரவைத்தாள். ஐஸ் ஒற்றினாள், ஃபவுண்டேஷன் போட்டாள், கன்னத்தில் லேசாகச் சிவப்பு ஏற்றினாள், புருவ ஓரத்தை வரைந்தாள், முடியைப் பொங்கப் பொங்கச் சீவிவிட்டாள். அண்ணி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இந்த முகத்தோட போய் எனக்கு உடம்பு சரியில்லைன்னா எவன்டி நம்புவான்?" என்றாள். அந்த ஒரு வேடிக்கைப் பேச்சு மட்டும் பழைய வேகத்தில் வந்தது.

டாக்டர் நல்ல மனுஷர்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. கேட்டார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், தைராய்டாக இருக்கலாம் என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். இல்லை என்றார்கள். மறுநாள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தைராய்டுதான்னு சந்தேகப்பட்டேன். ஆனா எல்லாம் நார்மலா இருக்கு. வயசு ஆகுதில்ல, உடம்பு மாறும். எடையைக் குறைங்க, காலையில நடங்க."

அவ்வளவுதான். நார்மல் என்கிற சொல் வீட்டுக்குள் வந்து ஒரு ஆள் மாதிரி உட்கார்ந்துகொண்டது. அண்ணி தூங்கி விழுந்தால் அண்ணன் போனில், "அதான் நார்மல்னுட்டாங்களே, அப்புறம் என்ன? நாலு எட்டு நடந்தா எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். குளிர்கிறது என்றால் அவளே, "எனக்கு ஒண்ணுமில்ல, நார்மல்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டீச்சரிடமும் சொன்னாள். டீச்சருக்கு ஒரே சந்தோஷம்.

"எனக்கும் அதே டெஸ்ட்தான் எடுத்தாங்க. எனக்கும் நார்மல்தான். நமக்கெல்லாம் கொஞ்சம் குளிர் உடம்பு, அவ்வளவுதான்" என்றாள். இரண்டு பேரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துப் பார்த்து, யார் கை அதிகமாகச் சில்லென்று இருக்கிறது என்று போட்டி போட்டார்கள். நூலுவைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். நூலு தொட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஃப்ரிட்ஜ்ல வெச்ச கத்திரிக்காய்" என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரிவுதான். சாயம் போட்டுவிட்டு நேரத்தை மறந்துபோய், ஒரு பெண்ணின் தலைத்தோல் கன்றிச் சிவந்தது. இன்னொருத்திக்கு முடி வெட்டும்போது கத்தரி காது மடலைக் கிள்ளிவிட்டது. ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே அண்ணி அசையாமல் நின்றாள். நூலு ஓடிவந்து பஞ்சை வைத்து அழுத்தி, கத்தரியைப் பிடுங்கி மேஜையில் போட்டாள். "ஐயோ... மன்னிச்சுக்கம்மா" என்று அண்ணி சொல்லும்போது அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். அண்ணிக்கு நாக்கு தடித்துப்போய்ப் பேச்சு குழறியது. குடித்திருக்கிறாளோ என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது நூலு காதில் விழுந்தது. அவளை நாலு கேள்வி கேட்டு அனுப்பினாள். ஆனால் கடையில் கூட்டம் குறைந்தது. மத்தியான நேரங்களில் இரண்டு பேரும் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதாவது நூலு உட்கார்ந்திருந்தாள். அண்ணி நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். குறட்டைச் சத்தம் தையல் மிஷின் சத்தத்தையும் மீறித் தெருவரை கேட்டது. சில நேரம் குறட்டை நின்றுபோகும். மறுபடி வரும்வரை நூலு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

"அண்ணி, வேற டாக்டரைப் பார்க்கலாம்."

"நார்மல்னு... சொல்லிட்டாங்க இல்ல."

"சொன்னா? நீங்க நார்மலாவா இருக்கீங்க? என்னைத் திட்டி எத்தனை நாளாச்சு தெரியுமா? இன்னைக்குக் காலையில டவலையெல்லாம் நனையவிட்டேன். ஒரு வார்த்தை கேட்டீங்களா? வேணும்னுதாங்க விட்டேன்!"

அண்ணி அவளைப் பார்த்தாள். பார்வை வந்து சேரவே நேரமாயிற்று. "திட்டணுமா?" என்றாள். "நாளைக்கு... திட்றேன்."

நூலு பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

கோடை முடிந்து மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாளாக விடாத மழை. அன்று காலை ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்வதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். வாசலில் கார் வந்து நின்று பெண்ணும் அம்மாவும் குடையோடு இறங்கிவிட்டார்கள். அண்ணி இன்னும் முகம் கழுவவில்லை. நூலு அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து திரைக்குப் பின்னால் நாற்காலியில் உட்காரவைத்தாள். அவசர அவசரமாக ஃபவுண்டேஷனை விரலில் எடுத்து அண்ணியின் கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள்.

விரல் நின்றுவிட்டது.

அந்தக் குளிர் அவள் கைக்குத் தெரியும். குளிர்ந்த தண்ணீரில் கை வைத்த குளிரில்லை, ஃப்ரிட்ஜில் வைத்த காய்கறியின் குளிருமில்லை. அந்த அழுத மகளின் அம்மாவுக்கு முகம் செய்தபோது விரல் நுனியிலிருந்து தோள்வரை ஏறிய குளிர். பூசினால் கிரீம் தோலில் இறங்காமல் மேலேயே நிற்கும். அதற்குப் பிறகு ஒரு வாரம் சுடுதண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். இப்போதும் கிரீம் அப்படியேதான் மேலே நின்றது. அண்ணி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மூச்சு வருகிறதா என்று நூலு மூக்கருகில் கையை வைத்துப் பார்த்தாள். வந்தது. இருக்கிற இடம் தெரியாமல் வந்தது.

"அண்ணி!"

"ம்."

"அண்ணி, என்னைப் பாருங்க. இது என்ன மாசம்?"

அண்ணி உதட்டை அசைத்தாள். யோசித்தாள். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

நூலு பஞ்சை எடுத்தாள். பூசினதை எல்லாம் துடைத்தாள். நேற்றுப் போட்டதின் மிச்சம், புருவப் பென்சில், உச்சியில் தூவிய கறுப்புப் பொடி எல்லாவற்றையும் வழித்து வழித்து எடுத்தாள். எத்தனையோ மாதமாக அந்த முகத்தை அவள் முழுசாகப் பார்த்ததே இல்லை. துண்டு துண்டாகத்தான் பார்த்திருந்தாள். இன்றைக்குக் கண், நாளைக்குப் புருவம் என்று. இப்போது மொத்தமாகப் பார்த்தாள். மெழுகு நிறத்தில் உப்பிப்போன முகம். பாதியோடு நின்றுபோன புருவம். தடித்த உதடு. இவள் யாரோ. தெருவில் எதிரே வந்தால் தாண்டிப் போயிருப்பாள்.

"என்னம்மா, எவ்வளவு நேரம் நிக்கிறது?" என்றாள் கல்யாணப் பெண்ணின் அம்மா, திரைக்கு அந்தப் பக்கமிருந்து.

"வேற இடம் பாருங்கம்மா. தப்பா நெனைக்காதீங்க. எங்க அண்ணிக்கு முடியல."

"இன்னைக்கா சொல்றது இதை? கல்யாண நாள்ல?"

"ஆமாம்மா, இன்னைக்குத்தான் சொல்ல முடியும். நாளைக்குச் சொல்ல ஆளிருக்குமோ என்னமோ" என்று நூலு திரையை விலக்கினாள். அந்த அம்மா அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

பேக்கரி வேனில்தான் ஏற்றிப் போனார்கள். ரொட்டிக் கூடைகளுக்கு நடுவில் இரண்டு போர்வையைச் சுற்றி அண்ணியை உட்காரவைத்து, நூலு பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள். பேக்கரிக்காரம்மா வண்டியை ஓட்டிக்கொண்டே, "தூங்கவிடாத, பேச்சுக் குடு, பேச்சுக் குடு" என்று கத்தினாள். நூலு வாய்க்கு வந்ததெல்லாம் பேசினாள். பழைய சண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அண்ணியின் வசனத்தையும் தானே சேர்த்துச் சொன்னாள். வேன் முழுக்கச் சுடு ரொட்டி வாசனை. போர்வைக்குள்ளே அவள் கட்டிப் பிடித்திருந்த உடம்பில் சூடு என்பதே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தது ஒரு லேடி டாக்டர். வந்ததும் முதலில் முகத்தைத்தான் பார்த்தாள். "பழைய போட்டோ ஏதாவது இருக்கா?" என்றாள். நூலு கைபேசியில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய படத்தைக் காட்டினாள். கத்தரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணி யாரையோ மிரட்டுகிற படம். டாக்டர் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள். கணுக்காலுக்குப் பின்னால் சின்னச் சுத்தியலால் தட்டினாள். பாதம் அசைந்தது. ஆனால் பழைய நிலைக்குத் திரும்பி வர யோசித்து யோசித்து வந்தது. நர்ஸ் நாடித் துடிப்பையும் உடம்புச் சூட்டையும் சொல்ல, டாக்டரின் முகம் இறுகியது.

"தைராய்டு டெஸ்ட் எடுத்தீங்களா?"

"எடுத்தோம். நார்மல்னு சொன்னாங்க."

"நார்மலா?" டாக்டர் நிமிர்ந்தாள். "இந்த உடம்புக்கு நார்மல் வராதேம்மா. என்ன மருந்து சாப்பிடறாங்க?"

"ஒண்ணும் இல்லைங்க."

"நல்லா யோசிங்க. சத்து மாத்திரை, டானிக், நாட்டு மருந்து, எதுவானாலும் சொல்லுங்க."

"மருந்துன்னு எதுவுமே... முடி மாத்திரை சாப்பிடுவாங்க. அது மருந்து இல்லையே! நாங்களே விக்கிறதுதான்."

"எத்தனை?"

"நாலு. சில நாள் கூடவும்."

டாக்டர் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தாள். "அதுல பயோட்டின்னு ஒரு சத்து இருக்கு. அதிகமா சாப்பிட்டா ரத்தத்தைச் சோதிக்கிற மிஷினைச் சில சமயம் ஏமாத்திடும். நோய் இருந்தாலும் இல்லாத மாதிரி காட்டிடும். டெஸ்டுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்தணும், இவங்க சாப்பிட்ட அளவுக்கு இன்னும் முன்னாடியே. நாங்க ரத்தம் எடுக்கறோம், ஆனா அந்தக் கணக்குக்காகக் காத்திருக்க முடியாது. இவங்க தைராய்டு சுரப்பி வேலையை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. உடனே வைத்தியம் ஆரம்பிக்கணும்."

"அப்ப... இந்த நோயே அந்த மாத்திரையாலதான் வந்துச்சா?"

"இல்லம்மா. நோய் அதுபாட்டுக்கு வந்தது. மாத்திரை அதை ஒளிச்சு வெச்சுது."

"மாத்திரை மட்டுமில்ல டாக்டர்" என்றாள் நூலு. அவள் விரலிடுக்கில் ஃபவுண்டேஷன் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அண்ணியைக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். பிழைப்பாளா என்று கேட்டதற்கு, "இப்ப எதுவும் சொல்ல முடியாது. இன்னும் தாமதிச்சிருந்தா சொல்றதுக்கே ஒண்ணும் இருந்திருக்காது" என்றார்கள். அண்ணன் லாரியைப் பாதி வழியில் யாரிடமோ விட்டுவிட்டு மழையில் நனைந்து வந்து சேர்ந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"இது யாருடி?" என்றார்.

"அண்ணிதான்."

"இப்படியா இருந்தா? போன வாரம் வந்தப்பக்கூட நல்லாத்தானே இருந்தா..."

"அது நான் வரைஞ்சதுண்ணே."

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஈரச் சட்டையைக்கூடப் பிழியவில்லை. தொண்டைக்குள்ளே, "நார்மல்னு சொல்லிச் சொல்லி அவளை நடக்கவெச்சேனே" என்று ஒரு தடவை முனகினார்.

பல நாள் கழித்து, மாத்திரைச் சத்து உடம்பிலிருந்து முழுக்கப் போன பிறகு மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை ரத்தம் உண்மையைச் சொன்னது. இதோடு நடமாடினாளா என்று நர்ஸே வாயில் கைவைத்தாள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை, ஆயுசுக்கும் விடக்கூடாது, அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அண்ணி பிழைத்தாள். ஆனால் நடுவில் போன சில மாதங்கள் அவளுக்கு ஞாபகமே இல்லை. ஒரு பெண்ணின் காதைக் கிள்ளியதைச் சொன்னபோது, "சீ, நானா?" என்றாள். அலமாரியிலிருந்த ரோஜா நிற டப்பாக்களை எல்லாம் நூலு கம்பெனிக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். கடைக்கு வந்த பழைய வாடிக்கைக்காரிகளிடம், இதைச் சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள் என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னாள்.

மறுபடியும் வெயில் ஏறிய ஒரு மத்தியானம். கடையில் வேறு யாருமில்லை. "என்னடி இது, இப்படிப் புழுங்குது?" என்று அண்ணி எழுந்து போய்ச் சுவிட்சின் மேலிருந்த பிளாஸ்திரியை நகத்தால் பிய்த்தாள். எவள் ஒட்டினாள் இதை என்று வேறு கேட்டாள். ஃபேன் தூசியைக் கொட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. நாற்காலியில் வந்து சாய்ந்து, "சும்மாதானே இருக்க, நூல் போடு" என்றாள்.

நூலு நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாள். நடுப் புருவத்தைச் சரிசெய்தாள். பழக்கத்தில் கை ஓரத்துக்குப் போயிற்று. வழுக்கும் என்றுதான் நினைத்தாள். நூல் எதிலோ மாட்டிச் சுருக்கென்று இழுத்தது.

"ஆ! எருமை! கண்ணை நோண்டி எடுக்கிறியாடி?" அண்ணியின் கை பறந்து வந்து நூலுவின் முழங்கையில் ஓங்கி ஒரு அடி வைத்தது.

நூலு கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "முடி வந்துருச்சு அண்ணி! ஓரத்துல முடி வந்துருச்சு! இன்னொரு தடவை திட்டுங்க!"

"பைத்தியமாடி நீ?" என்று அண்ணி எழுந்து கண்ணாடியருகே போய்ப் புருவத்தைப் பார்த்தாள். பூனை முடி மாதிரி இரண்டு மூன்று. விரலால் தடவிப் பார்த்தாள். தடவிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"ஏண்டி, அந்த டீச்சர் எங்க?"

"எந்த டீச்சர்?"

"மூலையில உட்காருமே. எனக்கும் நார்மல்னு சொல்லிச்சே. ஃபேன் போடாதீங்கன்னு..."

நூலுவுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. இரண்டு இழுப்பில் முடிந்துவிடும் புருவம். மாதத்துக்கு ஒரு டப்பா. ஃப்ரிட்ஜில் வைத்த கத்திரிக்காய் என்று தீர்ப்புச் சொன்னதும் இவள்தானே? வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாளே, வராமல் போனவளை நினைத்தாளா?

"மழைக்கு முன்னாடி பார்த்தது அண்ணி. அதுக்கப்புறம் வரவே இல்ல."

"செருப்பைப் போடுடி" என்றாள் அண்ணி.

ஷட்டரைக்கூடப் பாதிதான் இறக்கினார்கள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். மஞ்சள் வீட்டின் ஜன்னல்கள் எல்லாம் அந்த வெயிலிலும் இறுக்கிச் சாத்தியிருந்தன. அண்ணி கதவை இரண்டு கையாலும் தட்டினாள். மறுபடி தட்டினாள். நூலு கதவில் காதை வைத்தாள். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு தரையில் கால் தேய்கிற சத்தம். ஒரு அடி வைத்து, நின்று, இன்னொரு அடி.

"யாரு?" என்று உள்ளேயிருந்து கட்டையான ஒரு ஆம்பளைக் குரல் கேட்டது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் டீச்சரைத் தவிர வேறு யாரும் கிடையாது.

"நாங்கதான் டீச்சர்" என்றாள் அண்ணி. "முகத்துக்கு ஒண்ணும் போட்டுக்காதீங்க. அப்படியே வாங்க."